லிஸ்டில் சேர்க்கச் சேர்க்க ஸ்கிரிப்ட் ஏன் திணறுகிறது: பைத்தானில் அப்பெண்ட் முதல் டெக் வரை

எங்கள் யார்டு எண்ணூர் விரைவுச்சாலை ஓரத்தில் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் டிரெய்லர் வரிசை நகராமல் நிற்கும் நாட்களில் எங்கள் கேட்டிலும் கூட்டம் கட்டும். உள்ளே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி பதிவாகும்: வண்டி எண், கன்டெய்னர் எண், நேரம். எந்தக் கன்டெய்னர் எத்தனை மணி நேரம் உள்ளே கிடந்தது என்று கணக்கெடுக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வைத்திருந்தோம். ஒரு நாள் ஃபைலைக் கொடுத்தால் என்டர் தட்டிக் கையை எடுப்பதற்குள் முடிந்துவிடும். ஒரு வருஷத்து ஃபைலை மொத்தமாகக் கொடுத்த அன்றைக்கு, டீக்கடைக்குப் போய்விட்டு வந்தும் கர்சர் அப்படியே துடித்துக்கொண்டிருந்தது. "அண்ணா, சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சுண்ணா" என்று ஆபீஸ் தம்பி வந்து நின்றான்.

ஹேங் ஆகவில்லை. ஏற்கெனவே வாசித்த வரிகளை எல்லாம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பைத்தானில் பல பொருளை வரிசையாக வைக்கிற அமைப்புதான் லிஸ்ட். அதில் ஒன்றைச் சேர்ப்பது சின்ன வேலை. அதைச் சேர்ப்பதற்காக முன்னால் இருக்கிற எல்லாவற்றையும் எத்தனை தடவை தூக்கி வைக்கிறோம் என்பதில்தான் நேரம் முழுக்கப் போகிறது. இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டால் கீழே வருகிற எல்லாப் படிகளும் தானாகப் புரியும்.

ஒரு குறிப்பு சொல்லிவிடுகிறேன். 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்ததிலிருந்து மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதனால் கீழே 'வண்டிகள்' என்று இருப்பதை அப்படியே தட்டினாலும் ஓடும். அப்பெண்ட் (append), எக்ஸ்டெண்ட் (extend) போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதல் படி: இரட்டிப்பு செய்து பாருங்கள்

ஸ்கிரிப்ட் மெதுவாக இருக்கிறது என்றதும் அதைத் திருத்த உட்காராதீர்கள். முதலில் 10,000 வரி கொடுத்து நேரம் பாருங்கள், அப்புறம் 20,000, அப்புறம் 40,000. டைம் மாட்யூலில் நேரம் பார்க்க பெர்ஃப் கவுன்ட்டர் (perf_counter) என்று ஒன்று இருக்கிறது, ஆரம்பத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை கூப்பிட்டுக் கழித்தால் போதும். வரி இரண்டு மடங்கு ஆகும்போது நேரமும் இரண்டு மடங்கு ஆனால் ஸ்கிரிப்ட் நியாயமாகத்தான் ஓடுகிறது, கூடுதல் வேலைக்குக் கூடுதல் நேரம் எடுக்கிறது. வரி இரண்டு மடங்கு ஆகும்போது நேரம் நான்கு மடங்கு ஆனால், உள்ளே எங்கேயோ பழைய சரக்கு திரும்பத் திரும்ப இடம் மாறுகிறது, அல்லது திரும்பத் திரும்பத் தேடப்படுகிறது. எங்கள் ஸ்கிரிப்டில் நான்கு மடங்கு வந்தது.

இந்தச் சோதனையைச் சின்ன ஃபைலில் மட்டும் செய்தால் ஏமாந்துவிடுவோம், ஏன் என்று அடுத்த படியின் கணக்கில் தெரியும்.

இரண்டாம் படி: கூட்டல் குறியைத் தேடுங்கள்

எங்கள் ஸ்கிரிப்டில் லூப்புக்குள், அதாவது ஃபைலின் ஒவ்வொரு வரிக்கும் திரும்பத் திரும்ப ஓடுகிற பகுதிக்குள், இருந்த வரி இதுதான்:

வண்டிகள் = வண்டிகள் + [வரி]

பார்த்தால் குழந்தை மாதிரி இருக்கிறது. ஆனால் பைத்தான் இதைப் படிக்கும்போது என்ன செய்கிறது? வலது பக்கம் புதிதாக ஒரு லிஸ்ட் கட்டுகிறது, பழைய லிஸ்டில் இருக்கிற எல்லாவற்றையும் அதில் நகல் எடுக்கிறது, கடைசியில் புது வரியை வைக்கிறது, அப்புறம் பழைய லிஸ்டைக் கலைக்கிறது. ஒரு புது டம்ளர் வாங்கியதற்காக, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் மீன்பாடி வண்டியில் ஏற்றி, ஒரு டம்ளர் அளவு மட்டும் பெரிதான வேறொரு வாடகை வீட்டுக்குக் குடிபோவதைப் போல. நாளைக்கு ஒரு கரண்டி வாங்கினால் மறுபடியும் குடிபோக வேண்டும்.

கணக்குப் போடுவோம். முதல் தடவை நகல் எடுக்க எதுவும் இல்லை, அடுத்து 1, அடுத்து 2, அப்படியே போனால் 1,000 வரிக்கு மொத்தம் 4,99,500 நகல். இன்றைய கம்ப்யூட்டருக்கு இது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை, அதனால்தான் சின்ன ஃபைலில் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தெரிகிறது. அதே லூப்புக்கு 1,00,000 வரி கொடுத்தால் 499 கோடியே 99 லட்சத்து 50 ஆயிரம் நகல். வரி 100 மடங்குதான் கூடியது, வேலை 10,000 மடங்கு கூடிவிட்டது. 64 பிட் கம்ப்யூட்டரில் லிஸ்டின் ஒவ்வொரு இடமும் 8 பைட், ஆக மெமரியில் இங்கேயிருந்து அங்கே போனது மட்டும் சுமார் 40 ஜிபி. அதோடு பைத்தான் ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு எண் வைத்திருக்கிறது இல்லையா, நகல் எடுக்கும்போது அதை ஒன்று ஏற்ற வேண்டும், பழைய லிஸ்டைக் கலைக்கும்போது ஒன்று இறக்க வேண்டும். அந்தச் செலவும் இதன் தலையில்தான்.

மாற்றம் ஒரே வரி: வண்டிகள்.அப்பெண்ட்(வரி). இருக்கிற லிஸ்டின் கடைசியிலேயே புது வரியை வைப்பதுதான் அப்பெண்ட். இதை மட்டும் மாற்றியதில் வருஷத்து ஃபைலை வாசிக்கும் பகுதி சில நொடியில் முடிந்தது.

மூன்றாம் படி: அப்பெண்ட் எப்படி இவ்வளவு லேசாகச் செய்கிறது என்று கண்ணால் பாருங்கள்

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிடத் தட்டிப் பார்த்தால் மனசில் நிற்கும். சிஸ் மாட்யூலில் கெட்சைஸ்ஆஃப் (getsizeof) என்று ஒரு ஃபங்ஷன் உண்டு, ஒரு பொருள் மெமரியில் எத்தனை பைட் பிடித்திருக்கிறது என்று சொல்லும். காலி லிஸ்டைக் கொடுத்தால், வழக்கமான 64 பிட் பைத்தானில் 56 என்று சொல்லும். ஒன்றே ஒன்றை அப்பெண்ட் செய்து மறுபடி கேளுங்கள், 88. அதாவது கேட்டது ஓர் இடம், 8 பைட் போதும், ஆனால் பைத்தான் 32 பைட், நான்கு இடம் பிடித்து வைத்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது அப்பெண்டுக்கு எண் அசையாது, ஏனென்றால் காலி இடம் ஏற்கெனவே இருக்கிறது, பொருளை வைப்பது மட்டும்தான் வேலை. ஐந்தாவதில் 120 ஆகும், எட்டு இடம். ஒன்பதாவதில் 184, பதினாறு இடம்.

பைத்தான் 3.9-க்குப் பிறகு இந்த வரிசை 4, 8, 16, 24, 32, 40, 52, 64 என்று போகிறது. சின்ன அளவில் நான்கு நான்காகவும் எட்டு எட்டாகவும் தெரிந்தாலும், உள்ளே இருக்கிற விதி என்னவென்றால், இடம் போதாதபோது தேவையைவிட எட்டில் ஒரு பங்கும் அதற்கு மேல் கொஞ்சமும் சேர்த்துப் பிடிப்பது. ஆகவே லிஸ்ட் பெரிதாகப் பெரிதாக, அடுத்த குடிபெயர்ப்பு தள்ளித் தள்ளிப் போகும். ஒரு லட்சம் அப்பெண்டுக்கு மொத்தமே நூறு தடவைக்குள்தான் இடம் மாற வேண்டியிருக்கும், அதில் நகல் ஆவதும் எவ்வளவு மோசமாகப் போனாலும் 9 லட்சத்தை ஒட்டித்தான் நிற்கும். பக்கத்து மெமரி காலியாக இருந்தால் நகலே இல்லாமல் இருந்த இடத்திலேயே விரித்துக்கொள்ளவும் செய்யும். 9 லட்சம் எங்கே, 500 கோடி எங்கே.

குடும்பம் பெருகும் என்று தெரிந்து ஓர் அறை கூடுதலாக வைத்து வீடு பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை.

நான்காம் படி: += என்பது வேறு, கவனம்

இதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். வண்டிகள் += [வரி] என்று எழுதினால் அது வண்டிகள் = வண்டிகள் + [வரி] என்பதன் சுருக்கம் என்று தோன்றும். லிஸ்டைப் பொறுத்தவரை அப்படி இல்லை. += இருக்கிற லிஸ்டையே நீட்டுகிறது, அதனால் வேகத்தில் அப்பெண்டின் பக்கத்தில் நிற்கும், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பொருளுக்காக [வரி] என்று தற்காலிக லிஸ்ட் கட்டுவது மட்டும் வீண்.

வித்தியாசம் வேகத்தோடு நிற்கவில்லை. பழையவை = வண்டிகள் என்று எழுதிவிட்டு வண்டிகள் += [வரி] என்றால், 'பழையவை' என்ற பெயரில் பார்த்தாலும் புது வரி இருக்கும், இரண்டு பெயரும் ஒரே லிஸ்டுக்குத்தான். ஒரு ஃபங்ஷனுக்குள் லிஸ்டை வாங்கி += போட்டால் கூப்பிட்டவருடைய லிஸ்டும் மாறிவிடும். கூட்டல் குறி போட்டால் மாறாது. ஆக யாராவது வேண்டுமென்றே கூட்டல் குறி போட்டிருக்கலாம், மாற்றுவதற்கு முன்னால் அந்தப் பழைய லிஸ்ட் வேறு எங்கேயாவது பிடிபட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பழையதைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்றால் லூப்புக்கு வெளியே ஒரே ஒரு நகல் எடுத்துக்கொண்டு, உள்ளே அப்பெண்ட் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: கூட்டமாக வருவதைக் கூட்டமாகச் சேருங்கள்

ஒரு நாள் ஃபைலில் இருந்து ஐந்நூறு வரி ஒரு லிஸ்டாகவே கையில் இருக்கிறது என்றால், லூப் போட்டு ஒவ்வொன்றாக அப்பெண்ட் செய்ய வேண்டாம், வண்டிகள்.எக்ஸ்டெண்ட்(இன்றைய_வரிகள்) என்று ஒரே தடவையில் கொடுங்கள். எத்தனை வரப்போகிறது என்று பைத்தானுக்கு முன்கூட்டியே தெரிவதால் இடத்தை ஒரே மூச்சில் பிடித்துவிடும், லூப் சுற்றுகிற வேலையும் பைத்தான் அளவில் இல்லாமல், பைத்தான் எழுதப்பட்டிருக்கிற சி மொழி அளவிலேயே உள்ளே நடந்துவிடும். காசிமேட்டில் போட்டில் இருந்து மீனை ஒவ்வொன்றாகவா இறக்குகிறார்கள், கூடை கூடையாகத்தானே இறக்குகிறார்கள்.

எக்ஸ்டெண்டில் ஒரு பள்ளம் இருக்கிறது, தமிழ் டேட்டாவோடு வேலை செய்கிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மீன் வகைகளின் பெயரைச் சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பெண்ட்("மீன்") என்றால் ஒரு பொருள் சேரும். எக்ஸ்டெண்ட்("மீன்") என்றால் அந்தச் சொல்லைத் துண்டு துண்டாக உடைத்து நான்கு பொருளாகச் சேர்க்கும்: ம, அப்புறம் ஈகாரக் குறி தனியாக, ன, அப்புறம் புள்ளி தனியாக. நம் கண்ணுக்கு அது இரண்டு எழுத்து, யூனிகோடுக்கு நான்கு குறி. += "மீன்" என்றாலும் இதே கதிதான். பிழைச் செய்தி எதுவும் வராது, ரிப்போர்ட்டைத் திறக்கும்போதுதான் நடுவில் அனாதையாகப் புள்ளிகள் நிற்பதைப் பார்ப்பீர்கள்.

ஒரு லிஸ்டை வடிகட்டி இன்னொரு லிஸ்ட் செய்வதாக இருந்தால் லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் எழுதுங்கள், அதாவது சதுர அடைப்புக்குள்ளேயே ஃபார் லூப்பை வைக்கிற முறை. படிக்கவும் சுலபம், வேகமும் கொஞ்சம் கூடுதல். பழைய ஸ்கிரிப்டுகளில் லூப்புக்கு வெளியே அப்பெண்டைத் தனி மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிடும் வித்தையைப் பார்த்திருப்பீர்கள். 2022 அக்டோபரில் வந்த 3.11 முதல் பைத்தானே இந்த மாதிரி அழைப்புகளை உள்ளே சீராக்கிக்கொள்கிறது, இப்போது அதற்காக ஸ்கிரிப்டை அசிங்கப்படுத்த வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆறாம் படி: அளவு முன்பே தெரிந்தால்

எத்தனை இடம் வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்தால் [0] * 1000 என்று முதலிலேயே கட்டி, எண் வைத்து நிரப்பலாம். லாபம் சின்னதுதான். ஆனால் லிஸ்டுக்குள் லிஸ்ட் வேண்டும் என்று [[]] * 5 எழுதிவிடாதீர்கள். ஐந்து கேட்டுக்கு ஐந்து காலி லிஸ்ட் கிடைத்ததாகத் தோன்றும், உண்மையில் ஒரே லிஸ்டுக்கு ஐந்து வாசல், முதல் கேட்டில் ஒரு வண்டி அப்பெண்ட் செய்தால் ஐந்து கேட்டிலும் அது தெரியும். இதற்குக் காம்ப்ரிஹென்ஷன்தான் சரி, ஒவ்வொரு சுற்றிலும் புது லிஸ்ட் பிறக்கும்.

ஏழாம் படி: முன்னால் சேர்க்க வேண்டுமா, டெக் எடுங்கள்

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வருவதற்கு முன்னாலேயே குடங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஒரு குடம் வைத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. முதல் இடத்தில் ஒரு குடத்தை நுழைத்தால், பின்னால் இருக்கிற அத்தனை குடத்தையும் ஒவ்வோர் அடி நகர்த்த வேண்டும், தெருவே சண்டைக்கு வரும். லிஸ்டில் இன்சர்ட்(0, வரி) செய்வது இதுதான். லிஸ்ட் மெமரியில் ஒரே நீள வரிசை, நடுவில் இடைவெளி விட முடியாது, அதனால் முன்னால் ஒன்று நுழைய எல்லாம் ஒரு கட்டம் நகர வேண்டும். முதலில் இருப்பதை பாப்(0) என்று எடுத்தாலும் அப்படித்தான். லட்சம் தடவை முன்னால் நுழைத்தால் நகர்த்தல் மறுபடியும் 500 கோடிக்குப் போய் நிற்கும். பொருளின் எண்ணிக்கைக் கணக்கை ஏற்றி இறக்க வேண்டாம் என்பதால் கூட்டல் குறியைவிடக் கொஞ்சம் வேகமாக முடியும், ஆனாலும் இரட்டிப்புச் சோதனையில் நான்கு மடங்குதான் காட்டும்.

வழி இரண்டு. தலைகீழ் வரிசை மட்டும்தான் வேண்டும் என்றால் கடைசியில் அப்பெண்ட் செய்துகொண்டே போய், முடிந்ததும் ஒரே ஒரு ரிவர்ஸ். முன்னாலும் பின்னாலும் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும் உண்மையான வரிசை என்றால் கலெக்ஷன்ஸ் மாட்யூலில் இருக்கும் டெக் (deque). 2004-இல் வந்த பைத்தான் 2.4-இலேயே இது இருக்கிறது, ஆனாலும் தெரியாதவர்கள் நிறைய பேர். 64 பொருள் வைக்கிற பெட்டிகளைச் சங்கிலியாகக் கோத்த மாதிரி இதன் அமைப்பு, கன்டெய்னர்களை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்துப் போகிற கூட்ஸ் ரயில் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் புதுப் பெட்டி கோத்தாலும் நடுவில் இருப்பது அசையாது. அப்பெண்ட்லெஃப்ட், பாப்லெஃப்ட் இரண்டும் அப்பெண்ட் அளவுக்கே லேசு. மேக்ஸ்லென் என்று ஓர் அளவு கொடுத்தால் கடைசி 100 வண்டி மட்டும் வைத்துக்கொண்டு பழையதைத் தானே கழித்துவிடும், கேட் திரையில் காட்ட நாங்கள் இதைத்தான் வைத்திருக்கிறோம்.

டெக்கில் நடுவில் இருப்பதை எண் சொல்லி எடுப்பது மெதுவு, பெட்டி பெட்டியாக நடந்து போக வேண்டும். அந்தத் தேவை அடிக்கடி இருந்தால் லிஸ்டிலேயே இருங்கள்.

எட்டாம் படி: சேர்ப்பதற்கு முன் தேடுகிறீர்களா?

அப்பெண்டுக்கு மாற்றிய பிறகும் எங்கள் ஸ்கிரிப்டில் இன்னோர் இடம் நான்கு மடங்கு காட்டிக்கொண்டே இருந்தது. பார்த்தால், ஒரே கன்டெய்னர் எண் இரண்டு தடவை வராமல் இருக்க, இந்த எண் ஏற்கெனவே லிஸ்டில் இருக்கிறதா என்று 'இன்' போட்டுக் கேட்டுவிட்டு, இல்லை என்றால் அப்பெண்ட். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல பைத்தான் லிஸ்டை முதலில் இருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் போகிறது. கன்டெய்னர் எண் நான்கு எழுத்தும் ஏழு எண்ணுமாகப் பதினோரு குறி, லட்சம் எண் இருந்தால் புதிதாக வருகிற ஒவ்வொன்றுக்கும் லட்சம் ஒப்பீடு. அப்பெண்ட் பாவம், அதன்மேல் பழி.

இதற்கு செட் வேண்டும், அல்லது டிக்‌ஷனரி. செட் என்பது ஒரு பொருளை ஒரு தடவை மட்டும் வைக்கிற தொகுப்பு, டிக்‌ஷனரி என்பது ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பை வைக்கிற தொகுப்பு. லிஸ்ட் பக்கத்தில் ஒரு செட் வைத்து, கேட்பதைச் செட்டிடம் கேளுங்கள், சேர்ப்பதை இரண்டிலும் சேருங்கள். செட்டில் எத்தனை லட்சம் இருந்தாலும் பதில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும். வந்த வரிசையும் மாறக்கூடாது, இரட்டையும் கூடாது என்றால் டிக்‌ஷனரியின் சாவியாகப் போடுங்கள், 2018-இல் வந்த 3.7 முதல் டிக்‌ஷனரி போட்ட வரிசையைக் காப்பாற்றும் என்பது மொழியின் உத்தரவாதம். ஒவ்வொரு கன்டெய்னருக்கும் அதன் நேரங்களைத் தனித்தனி லிஸ்டாகச் சேர்க்க டிஃபால்ட்டிக்ட் இருக்கிறது, புது எண் வந்தால் காலி லிஸ்டைத் தானே வைத்துவிடும், நீங்கள் அப்பெண்ட் மட்டும் செய்தால் போதும்.

ஒன்பதாம் படி: பாண்டாஸ், நம்பை பக்கம் போகிறவர்களுக்கு

நம்பை, பாண்டாஸ் இரண்டும் பைத்தானோடு சேர்த்து டேட்டாவை அலசப் பயன்படுத்துகிற நூலகங்கள். நம்பையில் அப்பெண்ட் என்ற பெயர் இருப்பதைப் பார்த்து லிஸ்ட் மாதிரி என்று நம்பிவிடாதீர்கள். நம்பை அர்ரேவுக்கு, அதாவது அதன் எண் வரிசைக்கு, பின்னால் காலி இடம் எதுவும் கிடையாது, ஒவ்வோர் அப்பெண்டும் முழு நகல், இரண்டாம் படியின் கூட்டல் குறிதான் வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது. பாண்டாஸ் டேட்டாஃபிரேமிலும், அதாவது அதன் அட்டவணையிலும், இதே பெயரில் ஒன்று இருந்தது, லூப்புக்குள் போட்டுத் தவித்தவர்கள் ஏராளம், 2023 ஏப்ரலில் வந்த 2.0-இல் அதை எடுத்தே விட்டார்கள். பழைய ஸ்கிரிப்ட் திடீரென்று பிழை காட்டினால் காரணம் இதுதான். வரிகளைச் சாதாரண லிஸ்டில் சேர்த்துக்கொண்டு போய், லூப் முடிந்ததும் ஒரே தடவை டேட்டாஃபிரேம் கட்டுங்கள். நாளுக்கு ஒரு டேட்டாஃபிரேம் இருந்தால் அவற்றையும் ஒரு லிஸ்டில் போட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒட்ட ஒரே ஒரு கான்கேட்.

பெரிய ரிப்போர்ட்டை எழுத்தாகக் கட்டும்போதும் அப்படியே, துண்டுகளை லிஸ்டில் அப்பெண்ட் செய்து முடிவில் ஜாயின். விண்டோஸ் ஆபீஸ்களில் பவர்ஷெல் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே அர்ரேயின் அளவு மாறாது, += போட்டால் புது அர்ரே கட்டித்தான் சேர்க்கும். பைத்தானில் += நல்ல பிள்ளை என்று சொன்னதை அங்கே கொண்டுபோகாதீர்கள். லூப் முழுவதையும் சமக் குறி போட்டு ஒரு மாறிக்குக் கொடுத்துவிட்டால் வெளியே வருவதை எல்லாம் பவர்ஷெல்லே சேகரித்துக் கொடுக்கும்.

பத்தாம் படி: ஓடவிடுவதற்கு முன் கண்ணோட்டம்

அப்பெண்ட் எதையும் திருப்பித் தராது. வண்டிகள் = வண்டிகள்.அப்பெண்ட்(வரி) என்று எழுதினால் முதல் சுற்றிலேயே லிஸ்ட் போய் 'நன்' என்ற வெறுமை வந்து உட்காரும், இரண்டாவது சுற்றில் பிழை வெடிக்கும்.

ஃபங்ஷனின் முன்னிருப்பு மதிப்பாகக் காலி லிஸ்ட் [] வைக்காதீர்கள். அது ஃபங்ஷன் எழுதப்படும்போது ஒரே தடவை பிறக்கிறது, அதற்குப் பிறகு வருகிற எல்லா அழைப்பும் அதே லிஸ்டில்தான் அப்பெண்ட் செய்யும், திங்கட்கிழமை வண்டி செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டில் வரும். எந்த லிஸ்டை லூப்பில் சுற்றுகிறீர்களோ அதே லிஸ்டில் அப்பெண்ட் செய்யாதீர்கள், வால் நீண்டுகொண்டே போகும், லூப் முடியவே முடியாது, மெமரி தீரும்வரை ஓடும்.

அப்புறம், லிஸ்டே வேண்டுமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எங்கள் ஸ்கிரிப்டில் வருஷத்து வரிகளை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, கடைசியில் அதைச் சுற்றி ஒவ்வொரு கன்டெய்னரின் முதல் நேரத்தையும் கடைசி நேரத்தையும் மட்டும்தான் எடுத்தோம். இப்போது ஃபைலை வரி வரியாக வாசிக்கும்போதே கன்டெய்னர் எண்ணைச் சாவியாக வைத்து அந்த இரண்டு நேரத்தை மட்டும் டிக்‌ஷனரியில் புதுப்பிக்கிறோம், வாசித்த வரி அங்கேயே விடுபட்டுப் போகிறது. வண்டிகள் என்ற லிஸ்ட் அந்த ஸ்கிரிப்டில் இப்போது இல்லை.